சுவரைப் பார்த்திருந்த ஆமினா

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றது. நூல் விலை ஏறி மருதமுனையில் பாதித் தறிகள் ஓய்ந்து கிடந்தன. அந்த வருடம்தான் ஓவியம் கீறும் றிஸ்னா என் வீட்டுக்கு வந்தாள். மௌத்தாகி மண்ணுக்குள் போன என் மனைவி ஆமினாவைக் கீற வேண்டுமாம். போட்டோக்களையெல்லாம் சுனாமி கொண்டுபோயிருந்தது. எனக்கு எழுத்து தெரியாது (இதைக்கூட நான் சொல்ல மகள்தான் தட்டுகிறாள்), ஆனால் முகம் மறக்காது. மூக்கு, தாடை, இடப் புருவத்துத் தழும்பு என்று எல்லாம் சொன்னேன். கலியாணப் பெண்ணாகக் கீறு என்றும் சொன்னேன்.

அடுத்த வருடம் ஒலுவிலில் அவளுடைய கண்காட்சி. நான் சம்மதித்தால்தான் படத்தைத் தொங்கவிடுவதாகச் சொல்லியனுப்பினாள். ஆமினாவின் தங்கை சுபைதாவோடு புறப்பட்டேன். காலை எட்டரைக்குக் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினால் ஒலுவில் சந்தியில் இறங்கலாம். அங்கிருந்து மண்டபத்துக்கு ஓட்டோ இருநூறு ரூபாய்.

"துறைமுகம் பாக்கவா, மாமா?" என்றான் ஓட்டோக்காரன்.

"இல்ல, என்ட பொஞ்சாதியப் பாக்க."

"கோவிச்சிக்கிட்டு வந்துட்டாவா?"

சுபைதா வழியெல்லாம் சிரித்தாள்.

மண்டபத்தில் எல்லாம் பெண்களின் முகங்கள். நாணிக் கோணி நின்றவள் ஒருத்தியும் இல்லை. ஒருத்தி நரைத்த தலையோடு மீன் வெட்டுகிறாள். ஒருத்தி நம்மையே முறைக்கிறாள். ஒரு படம் மட்டும் சுவரைப் பார்த்திருந்தது. றிஸ்னா அதைத் திருப்பினாள்.

ஆமினா தறியில் இருந்தாள். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, கழுத்து நரம்பு புடைக்க, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு. நகையும் இல்லை, கண்ணில் சுறுமா மையும் இல்லை.

"புள்ள, நான் கலியாணப் பொண்ணயெல்லவா கேட்டன்?"

"ஓம் மாமா. ஆனா அந்தத் தழும்பு தறிக்கட்டை தெறிச்சு வந்ததெண்டு நீங்கதானே செல்லினீங்க. கலியாணத்தண்டைக்கு அது ஏது?"

நான் நினைவு வைத்திருந்ததே இந்த முகத்தைத்தான்.

"தாத்தா எண்டைக்கு மச்சான் தலை குனிஞ்சிருந்தா?" என்றாள் சுபைதா. அக்காவைத்தான் அவள் தாத்தா என்பாள். "நூலக் கடிச்சிக்கிட்டே உங்களுக்கு ஏசினவ."

நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அழகு என்றால் குனிந்த தலை என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? அந்த முகத்தோடுதானே நான் குடித்தனம் நடத்தினேன்.

"தொங்கவிடு புள்ள," என்றேன்.

கண்காட்சிக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்; ஜும்ஆத் தொழுகைக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆமினாவின் பின்னால் மங்கலாகச் சில பெண்கள் தெரிவார்கள். தறிக் கொட்டிலில் அவளோடு நெய்தவர்கள். ஒவ்வொருவராக மௌத்தாகிவிட்டார்கள். ஓரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறாளே, அவள் மட்டும் உயிரும் ஹயாத்துமாக இருக்கிறாள்: என் கொழுந்தி சுபைதா.