லிஃப்ட்காரரின் மகள் செய்த புத்தகம்

என் தங்கை புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். பதினேழு வருடமாக இதே வேலை என்பதால் குடும்பத்தில் அவருக்குப் பெயரே ‘லிஃப்ட்’தான். மனிதர் தங்கம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதைத் தொட்டாலும் ரிப்போர்ட் எழுதிவிடுவார். தேதி, கோளாறு, சரிசெய்த விதம், தாமதத்துக்குக் காரணம், கையெழுத்து. வீட்டுக் குழாய் ஒழுகியபோதும் இப்படி ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். கோளாறு: வாஷர் தேய்மானம். தாமதத்துக்குக் காரணம்: மனைவி சொன்னது காதில் விழவில்லை. என் தங்கை அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண், எட்டு வயது. உருவம் அப்படி என்பதால் ‘கடுகு’ என்று கூப்பிடுவோம். வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். அந்த வாய் புத்தகத்தைத் திறந்தால் பூட்டிக்கொள்ளும். எழுத்தைத் தனித்தனியாகக் கேட்டால் டக் டக்கென்று சொல்வாள். வரியாக வந்தால் திருதிருவென்று விழிப்பாள். டீச்சர் எங்களைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று, தானே செய்த ஒன்றை அவள் வாசித்துக்காட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடமும் இதே மூன்றாம் வகுப்பு.

“டேப்லெட்ல ஒரு ஆப் இருக்கு. போட்டோ போடலாம், படம் வரையலாம், குரல் பதிவு பண்ணலாம், எழுதலாம். எல்லாத்தையும் சேத்து அவளே ஒரு புத்தகம் செய்யட்டும்” என்றார் டீச்சர்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. “படிக்கவே வராத புள்ளைக்கு டேப் வேறயா? நல்லா இருக்கு போங்க!” என்றேன். டீச்சர் சிரித்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் பக்கத்து வீட்டில் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். தங்கைக்கு மருந்துக்கடையில் மதிய ஷிஃப்ட் என்பதால், பள்ளி விட்டதும் கடுகு என் தையல் மெஷினுக்குக் கீழேதான். திங்கட்கிழமை தொடங்கியது கூத்து. அப்பாவின் பழைய டூல் பையைக் கவிழ்த்து ஸ்பேனர், கிரீஸ் டப்பா, கிழிந்த கையுறை என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். “பெரியம்மா, மெஷின நிறுத்துங்க, பதிவு பண்றேன்ல” என்று எனக்கே அதட்டல். கதவு மூடும் ஓசைக்காக எங்கள் கட்டட லிஃப்ட்டில் ஏழு முறை ஏறி இறங்கினாள். ஐந்தாம் மாடிக்காரர் முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்து காத்திருந்து கத்தினார். அந்தக் கத்தலும் பதிவாகி மூன்றாம் பக்கத்தில் சேர்ந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோணல்மாணலாக அவளே எழுதினாள். ‘மேலே’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. ‘டிங்’ என்பதைத் தொட்டால் மணி அடிக்கும். அந்தப் பக்கங்களைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான்தான் ‘மனப்பாடம்’ என்று ஒதுக்கிவிட்டேன்.

வியாழக்கிழமை லிஃப்ட் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். கடுகு கீழே விளையாடிக்கொண்டிருந்தாள். டேப் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். மகள் தன் தொழிலைப் பற்றியே செய்திருக்கிறாள் என்று ஒரே பூரிப்பு. ஆனால் கோணல் எழுத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காதே! லிஃப்ட் வேலையில் அவர் கடைப்பிடிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு லிஃப்ட்டைக் கையில் எடுத்தால், பேனலில் இருக்கும் பழைய கோளாறுப் பதிவுகளை முதலில் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவார். இங்கேயும் துடைத்தார். அம்பு, மணி, ஐந்தாம் மாடிக்காரரின் கத்தல், எல்லாம் போயிற்று. பிறகு பிழையில்லாமல் தட்டினார்: ‘லிஃப்ட் என்பது மக்களைச் செங்குத்தாக ஏற்றிச்செல்லும் மின் இயந்திரமாகும். அதன் கதவுகள் தானியங்கி முறையில் இயங்குகின்றன.’ கீழே தேதி. கையெழுத்துக்கு இடம்.

கடுகு வந்து டேப்பைத் திறந்தாள். “அப்பா, என் புத்தகம் எங்க?”

“இதான்டா செல்லம். அப்பா ஒழுங்கு பண்ணிட்டேன்.”

முதல் வரியைப் பார்த்தாள். “லி” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

நான் சும்மா விட்டேனா? “நாலு நாளா அந்தப் புள்ள செஞ்சத நாலு நிமிஷத்துல தொடச்சுப் போட்டீங்களே தம்பி! உங்களுக்கெல்லாம் கை எதுக்கு?” என்று பிடித்துக்கொண்டேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. மனிதருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கதவைத் தட்டப் போனேன். “தட்டாதீங்கக்கா” என்றார். தோளிலிருந்து இன்னும் இறக்காத டூல் பையைத் தரையில் வைத்தார். கதவை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர் முதலில் செய்வது இதுதானாம். ‘பயப்படாதீங்க’ என்று சொல்லவே கூடாது, சொன்னால்தான் பயமே வரும். உட்கார்ந்து, உள்ளே என்ன தெரிகிறது என்று பேச்சுக் கொடுக்க வேண்டும்.

“கடுகு, உள்ள என்ன தெரியுது?”

மூன்றாவது முறை கேட்டபோது, “பாட்டில்” என்றது மூக்கடைத்த குரல்.

“பாட்டில்ல என்ன இருக்கு?”

“கண்ணு படம். அது மேல ஒரு கோடு.” பாட்டிலைத் திருப்பும் சத்தம் கேட்டது. “கண்... ணில்... படா... மல்... கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.”

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஷாம்பு பாட்டிலை யாரும் அவளுக்கு மனப்பாடம் செய்துவைக்கவில்லையே!

“எப்படிடா வாசிச்ச?”

“இது கண்ணப் பத்தினதுன்னு படம் சொல்லுதுல்ல? அப்புறம் எழுத்த நான் பிடிச்சுக்குவேன். நீதான் படத்தையெல்லாம் அழிச்சிட்ட.”

“தப்புதான்டா. பெரிய தப்பு. வெளிய வா, மறுபடி செய்வோம். நீ சொல்லு, நான் பையத் தூக்குறேன்.”

தாழ் உடனே திறக்கவில்லை. உள்ளே ஏதோ நோண்டிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்குள் நான்கு பக்கம் திரும்ப வந்துவிட்டது. இந்த மனிதர் ஐந்தாம் மாடி ஏறிப்போய், “சார், இன்னொரு தடவ கத்துறீங்களா?” என்று கெஞ்சியிருக்கிறார். ஐந்தாம் மாடிக்காரருக்குச் சிரிப்பு வந்து, கத்தல் முன்போல அமையவில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லாரும் கடுகின் வகுப்பில் இருந்தோம். பத்து மணிக்கு அவர் ஒரு கட்டடத்தில் ரிப்பேர் வேலைக்கு இருக்க வேண்டும். ஒன்பதே முக்காலுக்குத்தான் கடுகின் முறை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் நகரவில்லை. நான்கு பக்கங்களையும் வாசித்தாள். முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டபோது ஐந்தாவதாக ஒரு பக்கம் திரையில் வந்தது. அது எங்கள் யாருக்குமே தெரியாது.

மங்கலான போட்டோ. ஒரு கீற்று வெளிச்சம், வேலைக்குப் போடும் பேன்ட்டின் முழங்கால், தரையில் ஊன்றிய கை, பக்கத்தில் டூல் பை. குளியலறைக் கதவின் அடி இடுக்கு வழியாக எடுத்திருக்கிறாள்! தொட்டாள். “கடுகு, உள்ள என்ன தெரியுது?” என்றது அவர் குரல். அடியில் இருந்ததை வாசித்தாள்: “லிஃப்டில் யாராவது மாட்டினால் அப்பா கதவை உடைக்க மாட்டார். கீழே உட்காருவார். நானும் மாட்டினேன்.”

நான் அழுதுவிட்டேன், சொல்வதில் என்ன வெட்கம். டீச்சர் மட்டும் அசையவில்லை. ஒலியை நிறுத்தி, படத்தைக் கையால் மறைத்து, சொற்களை முன்னும் பின்னுமாகத் தொட்டுக் கேட்டார். “உடைக்க” என்றாள். “கீழே” என்றாள். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, டீச்சரே ஒரு வரி தட்டினார். படமும் இல்லை, மணியும் இல்லை.

கடுகு உதட்டைக் கடித்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்துத் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அடுத்த... வரு... டம்... நீ... நான்... காம்... வகுப்பு.” நிமிர்ந்தாள். “டீச்சர்! நிஜமாவா?”

அன்று சாயங்காலம் அந்தப் பத்து மணிக் கட்டட வேலைக்கு அவர் எழுதிய ரிப்போர்ட்டின் நகல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. வழக்கம்போலக் கோளாறு, சரிசெய்த விதம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், குண்டு குண்டு எழுத்தில், ‘மகள் வாசித்துக்கொண்டிருந்தாள்’ என்று எழுதியிருந்தார்.