அச்சுவேலி ஆலையில் காற்றெடுத்த நாள்கள்

எண்ணெய் எஞ்சினைப் பார்ப்பவனின் தொழிலிலே ஒரு விசித்திரம் உண்டு: அது ஓடும்வரை அவனை ஒருவரும் நினைப்பதில்லை, நின்றுவிட்டாலோ, அவனைத் தவிர வேறொருவரையும் நினைப்பதில்லை. டீசல் மணக்கும் கையோடு சோற்றுக்கு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. ஆசிரியப் பணி கிடைப்பதற்கு முன், இரண்டாம் உலகச் சண்டைக் காலத்திலே, அச்சுவேலியிலிருந்த நெல் ஆலையொன்றில் நானும் அவ்வகையினருள் ஒருவனாக இருந்தேன். பின்வருவனவற்றை முதலில் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

காற்றின் குற்றம்

அக்காலத்தில் எங்களுக்குக் கிடைத்த எண்ணெய், பீப்பாவின் துருவையும் அடிச்சேற்றையும் உடன் கொண்டுவந்தது. எண்ணெய் ஊற்றிவைக்கும் தாங்கியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் செப்புக் குழாயின் நடுவே கிண்ணம்போன்ற ஒரு வடிகட்டி இருக்கும். அதனுள்ளே தடித்த கம்பளி வளையங்கள். அவை அடைத்துக்கொண்டால் எஞ்சின் இரண்டு முறை இருமும், பிறகு நின்றுவிடும். வளையங்களை மாற்றுவது எளிது. மாற்றும்போது குழாயிலே புகுந்துவிடும் காற்றை வெளியேற்றுவதுதான் வேலை. முதலில் வடிகட்டியின் மூடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தவேண்டும். குமிழி கலவாத எண்ணெய் வந்தபின் அதை இறுக்கிவிட்டுப் பம்பின் திருகாணிக்குச் செல்லவேண்டும். இறுதியாக, எஞ்சினின் தலையிலே குழாய் சேருமிடத்து நட்டைத் தளர்த்தி, எண்ணெய் பீறிடும்வரை பம்பைக் கையால் அடிக்கவேண்டும். வரிசை பிறழ்ந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

நெல் மூட்டைகளோடு காத்திருப்பவர்களுக்கு இது வேலையாகத் தோன்றாது. கண்ணுக்குத் தெரிகின்ற பழுது ஒன்றும் இல்லை. ஒருவன் குனிந்திருந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குழாயிலே காற்றுப் புகுந்துவிட்டது என்று ஒருநாள் பத்தமேனியிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் மூட்டையின்மேல் இருந்தபடியே அருகிலிருந்தவளிடம் சொன்னார்: “காத்தில்லாட்டி மனிசருக்குச் சீவன் போகும். காத்து உள்ளுக்குப் போனா இதுக்குச் சீவன் போகுதாம். ஆர் உதை நம்பிறது?”

பஸ்ஸிலே வந்த செய்தி

எனக்கு ஓர் அண்ணை இருந்தார். பருத்தித்துறையிலே ஒரு புடைவைக் கடையில் கணக்கப்பிள்ளை; மணம் முடிக்கவில்லை. தாய் தந்தையர் போனபின் எங்கள் குடும்பம் என்பது நாங்கள் இருவருமே. அவ்வாண்டு மாரி தொடங்கியபோது அவருக்கு நெஞ்சிலே நோய் கண்டு, ஆசுபத்திரியிலே சேர்த்துவிட்டார்கள். செய்தியைக் கொண்டுவந்தவர் பருத்தித்துறை பஸ்ஸின் கொண்டக்டர் ராசையா. பஸ் ஆலையைக் கடக்கும்போது மிதிபலகையிலே நின்றபடி உரத்துச் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்படி அண்ணை கேட்கிறார் என்பதே அன்றைய செய்தி.

முதலாளி அம்பலவாணரிடம் ஒருநாள் விடுமுறை கேட்டேன். அவர் கல்நெஞ்சர் அல்லர். ஆனால் ஊரிலே அரிசி அரிதாயிருந்த காலம் அது. கூப்பன் அரிசி போதாமல், கிடைத்த நெல்லையெல்லாம் சனங்கள் எங்களிடமே கொண்டுவந்தார்கள். எஞ்சினைச் சுழற்றி ஓட்டும் கைப்பிடி ஒருமுறை திருப்பியடித்து முதலாளியின் மைத்துனருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அதற்குப்பின் என்னைத் தவிர ஒருவரும் அதைத் தொட முன்வரவில்லை. ஆகவே காலையிலே நானே எஞ்சினை ஓட்டிவிட்டுப் பஸ் ஏறுவதென்றும், அது மாலைவரை நிற்காமல் ஓடவேண்டுமென்றும் முடிவாயிற்று. முதலாளி சாய்மனைக் கதிரையில் இருந்தபடி தம் பக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: “நான் உன்னை மறிக்கேல்லைத் தம்பி. நிண்டுபோகாமல் செய்துவைச்சிட்டுப் போ.”

வெள்ளிக்கிழமைத் தீர்த்தம்

கையிலே கடைசியாக இருந்த புதிய வளையங்களை ஒரு வெள்ளிக்கிழமை எடுத்தேன். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி வைத்தேன். எண்ணெயை வடித்து ஊற்றுவதற்காகத் தாங்கியின் மூடியையும் திறந்திருந்தேன். வெள்ளிதோறும் எஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்திப் பூசை நடைபெறும். அன்றைக்கு ஐயர் வேறெங்கோ போகவேண்டியிருந்ததால் நேரத்தோடே வந்துவிட்டார். நான் கைகழுவப் போயிருந்த சிறுபொழுதிலே, மாவிலையால் எஞ்சினுக்கும் தாங்கிக்கும் திறந்திருந்த அனைத்துக்கும் தாராளமாகத் தீர்த்தம் தெளித்துவிட்டார். கண்ணிற்பட்ட நீரையெல்லாம் துடைத்தேன். தாங்கியின் அடியிலே போய் இருந்த நீரை நான் காணவில்லை.

மறுநாட் காலை எஞ்சினை ஓட்டிவிட்டு, தோய்த்த வேட்டியோடு தெருவிலே நின்றேன். பஸ்ஸும் வந்தது. ஒரு காலை மிதிபலகையிலே வைத்தபோது, ஆலையிலிருந்து வந்த சத்தம் இடறியது. எஞ்சின் பார்த்தவர்களுக்கு அந்த இடறல் எப்படிக் கேட்கும் என்பது தெரியும். ராசையா சற்று நேரம் பஸ்ஸை மறித்துவைத்துப் பார்த்தார். நான் காலை எடுத்துவிட்டேன். அடுத்த வெள்ளியன்று ஐயரிடம் மிகுந்த பணிவோடு இதனைத் தெரிவித்தேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தீர்த்தம் பட்டு ஒண்டு பழுதாகுமெண்டு சாத்திரத்திலை இல்லைத் தம்பி.”

தோய்த்த வேட்டி

நீர் ஊறிய புதிய வளையங்கள் பயனற்றுப் போய்விட்டன. அதன்பின் கம்பளி வளையம் யாழ்ப்பாணப் பட்டினத்திலும் கிடைக்கவில்லை. கப்பல் வந்தாற் பார்க்கலாம் என்றார்கள். அண்ணையைப் பார்க்கப் போவதற்கென்று வைத்திருந்த வேட்டியை வெட்டி, நான்காக மடித்துத் தைத்து, வளையங்களுக்குப் பதிலாக வைத்தேன். அது அழுக்கைப் பிடித்தது. ஆனால் அரை நாளுக்கு ஒருமுறை அடைத்தும் கொண்டது. அடைத்த ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைத் திறக்கவேண்டும். திறந்த ஒவ்வொரு முறையும் காற்றுப் புகும். நான் ஆலையைவிட்டு அசையமுடியாதவனானேன். மழையோ விடாமற் பெய்தது. நெல்லும் ஈரம், சாக்கும் ஈரம், மனிதரும் சிடுசிடுப்பு.

வேட்டி வெட்டிய கதையை ராசையாவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். இரண்டொரு நாளில் அண்ணையின் மறுமொழி வந்தது. ராசையா மிதிபலகையிலே தொங்கியபடி, தெருவிலுள்ளோர் யாவரும் கேட்கச் சொன்னார்: “கொண்ணை சிரிக்கிறார். எஞ்சினுக்குச் சுகம் வந்தாப்போலை ஆறுதலா வரட்டாம்.”

குமிழியற்ற எண்ணெய்

மானிப்பாய்ப் பக்கத்திலே மூடிக்கிடந்த ஓர் ஆலையிலிருந்து முதலாளி எப்படியோ நல்ல வளையங்களைத் தேடிக் கொண்டுவந்தார். அவர் முயலவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இம்முறை எஞ்சின் அறையின் கதவை உள்ளே பூட்டிக்கொண்டேன். எண்ணெயைத் தெளியவிட்டு மேலெண்ணெயை மட்டும் எடுத்தேன். தாங்கியைக் கழுவினேன், குழாயை ஊதினேன், திருகாணிகளை வரிசை தவறாமல் தளர்த்தி இறுக்கினேன். பீறிட்ட எண்ணெயிலே ஒரு குமிழிகூட இல்லை. என் வாழ்நாளில் அத்துணைச் செம்மையாக நான் செய்த வேலைகள் சிலவே. நண்பகல் தொடங்கி மாலைவரை எஞ்சின் ஒருமுறையேனும் இடறவில்லை. முதலாளி வாசலிலே நின்று கேட்டார். நாளைக்குப் போய்வா என்று தாமே சொன்னார்.

மாலைப் பஸ் ஆலைக்கு முன்னால் வந்து நின்றது. ராசையா கீழே இறங்கினார். அவர் இறங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உரத்தும் பேசவில்லை. பகல் அண்ணை போய்விட்டார் என்பதை என் தோளிலே கையை வைத்து மெல்லச் சொன்னார். வேட்டி மாற்றவேண்டும் என்றோ, கை கழுவவேண்டும் என்றோ நான் ஏதோ சொன்னேன்போலும். “ஒண்டும் எடுக்கவேண்டாம். இப்பிடியே ஏறும்” என்றார்.

துடக்கு

பிள்ளையில்லாத அண்ணைக்கு நானே கொள்ளி வைத்தேன். சில நாள்கள் சென்றபின், வெறும் வீட்டிலே இருக்கமாட்டாமல் ஆலைக்கு நடந்தேன். என்னைக் கண்டதும் முதலாளி கதிரையை விட்டெழுந்து வாசலுக்கு வந்தார். வந்து, வாசலை அடைத்தாற்போல நின்றார். சாவுத் தீட்டாகிய துடக்கோடு இருப்பவன் பூசை வைக்கும் எஞ்சினைத் தொடலாகாது என்பதை நான் மறந்துவிட்டேன். நான் தொடாவிட்டால் அதை ஓட்டுவதற்கு ஒருவரும் இல்லையே என்றேன். ஓம், நான் போன நாள் முதல் ஆலை பூட்டியே கிடக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பத்தமேனி அம்மா மூட்டையோடு வந்திருந்தார். விஷயத்தை அறிந்ததும் முறுமுறுக்கவில்லை. வீட்டிலே உலக்கை இருக்கிறது என்று சொல்லி, மூட்டையைத் தலையிலே தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். முதலாளி என்னைப் பார்த்து, மிகுந்த பரிவோடு சொன்னார்: “முப்பத்தொரு நாளும் கழிச்சு, அந்தியேட்டிக் கிரியையும் முடிச்சிட்டு வா, தம்பி. எஞ்சின் எங்கை போகப்போகுது? அது நிக்கும்.”

உயிரோடிருந்த அண்ணையை நான் போய்ப் பார்ப்பதற்கு ஒருநாள்கூட நிற்கமுடியாத அந்த எஞ்சின், அவர் இறந்தபின் ஒரு மாதம் நின்றது. அப்பொழுது அதன் வடிகட்டியிலே ஒரு தூசியும் இல்லை, குழாயிலே ஒரு குமிழியும் இல்லை.