நம்ம மேடம் பாத்துச் சொல்வாங்க

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. புது மேனேஜர் எங்கள் லாட்ஜுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ரிசப்ஷன் கவுண்டருக்கு எதிரே சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கவுண்டரில் எங்களோடு நிற்கிற அக்காவைக் கண்ணாலேயே காட்டி, "அந்தம்மா யாரு? எல்லாத்துக்கும் அந்தப் புதுப் பொண்ணக் கேட்டுக் கேட்டுத்தான் செய்றாங்க. ஹெல்ப்பரா?" என்றார். ஹெல்ப்பராம்! அதற்குப் பதில் என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

திருவண்ணாமலைக் கோயிலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் லாட்ஜ். ரிசப்ஷனில் எங்கள் எல்லோருக்கும் சீனியர் அக்காதான். தினமும் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பருத்த உடம்பு, முட்டிவலி, எப்போதும் தைலவாசனை. நான் உட்பட அந்தக் கவுண்டரில் நின்ற ஒவ்வொருத்தியும் அவரிடம் வேலை கற்றுக்கொண்டவள்தான். அதற்கென்று அவருக்கு யாரும் தனியாக எதுவும் கொடுத்ததில்லை, ஒரு நல்ல வார்த்தைகூட.

அவர் கற்றுக்கொடுக்கிற விதமே தனி. புதிதாகச் சேர்ந்தவளைக் கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்திவிட்டு, தான் அரையடி பின்னால், இடது பக்கம் நிற்பார். வருகிற கஸ்டமர் முன்னால் அவளை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். தனக்குத் தெரிந்த பதிலையும் கேள்வியாக்கி அவளிடமே கொடுப்பார். "மேடம், ரெண்டாவது மாடியில குடுத்துடலாமா மேடம்?" என்பார். அவள் "ம்" என்று தலையாட்டினால் போதும். "மேடம் சொல்லிட்டாங்க" என்று சாவியை எடுத்துக் கொடுப்பார்.

என் முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊர்ப் பள்ளிக்கூடம், டவுனில் காலேஜ், அதைத் தாண்டி ஒன்றும் பார்த்ததில்லை. பெரிய காரில் வந்து இறங்கிய ஒருவர் ஆதார் கார்டைக் கவுண்டர் மேல் விட்டெறிந்தார். நான் அதைத் தலைகீழாகப் பிடித்து விழிப்பதைப் பார்த்துவிட்டு, "வேற பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். பின்னாலிருந்து அக்கா குரல் வந்தது.

"இவங்கதான் சார் பெரியவங்க. நம்ம மேடம் பாத்துச் சொல்வாங்க, ரெண்டு நிமிஷம் இருங்க."

நான் அந்த மேடம் யார் என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளி, "முன்னாடி பாருடி" என்று பல்லைக் கடித்தார். அந்த ஆள் அதற்கப்புறம் போகும்வரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டார்.

அக்காவை ஏதோ சாந்த சொரூபி என்று நினைத்துவிட வேண்டாம். கஸ்டமர் போனதும் "பின்னாடி வா" என்பார். தண்ணி கேன் அடுக்கி வைத்திருக்கிற சின்ன அறை ஒன்று கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போனதும் மேடம் எல்லாம் பறந்துவிடும். "ஏண்டி எருமை, குழந்தையோட வந்திருக்காங்க, கொசு அடிக்கிற ரூமத்தான் குடுப்பியா? கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று காய்ச்சி எடுப்பார். என் டப்பாவிலிருந்து கேட்காமலே பாதி எலுமிச்சைச் சாதத்தை எடுத்துத் தின்பார். நன்றாகச் செய்தாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் நாலு பேர் முன்னால் எங்களில் ஒருத்தியையும் தலைகுனிய விட்டதும் இல்லை.

எங்கள் ஊர் லாட்ஜுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று உண்டு. போனில் ஒருவர், "பௌர்ணமிக்கு ரூம் வேணும்" என்பார். புதிதாக வந்தவள் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பாள். பௌர்ணமி என்று புதன்கிழமையில் போட்டிருக்கும். புதன் என்று பதிந்துவிடுவாள். ஆனால் திதி செவ்வாய் சாயங்காலமே பிறந்திருக்கும். ஜனம் மலையைச் சுற்றப்போவது செவ்வாய் ராத்திரி. செவ்வாய் மத்தியானம் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பவர்களிடம் "உங்களுக்கு நாளைக்குத்தாங்க ரூம்" என்று சொல்லிப் பாருங்கள், அடிக்காத குறைதான். அதனால் அக்கா எங்கள் ஒவ்வொருத்தியிடமும் தேதியைக் கேட்காதே என்பார். "எப்ப நடக்கறீங்கன்னு கேளுடி. சாயந்தரம் கிளம்புறாங்களா, விடியக்காத்தாலயா? அத வச்சு ரூம் போடு." புதிதாக வந்தவளை முதல் பௌர்ணமிக்குத் தனியாக நிற்க விடவே மாட்டார்.

இந்த மனுஷியைத்தான் அந்த ஆள் ஹெல்ப்பர் என்றார். முதலாளியின் மாப்பிள்ளை அவர். சென்னையில் பெரிய ஓட்டலில் இருந்தவராம். வந்ததும் முதல் வேலையாகக் கவுண்டரில் நிற்பவர்களுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்தார். திருவண்ணாமலை வெயிலில் கோட்டு! எனக்கு ஒன்று, புதுப் பெண்ணுக்கு ஒன்று. அக்காவுக்கு அளவே எடுக்கவில்லை. மீட்டிங் போட்டு, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆரம்பித்தார்.

"கவுண்டர்ல ஒருத்தர் செய்ற வேலைக்கு ரெண்டு பேர் நிக்கிறது வேஸ்ட். அம்மா இனிமே மேல லினன் ரூம் பாத்துக்கட்டும்" என்றார். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் எண்ணி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. லிப்ட் கஸ்டமருக்கு மட்டும்தான்.

"சார், எங்களுக்கெல்லாம் வேல சொல்லிக் குடுத்ததே அவங்கதான்" என்றேன்.

"நான் பாத்தவரைக்கும் அவங்கதான் எல்லாரையும் கேட்டுச் செய்றாங்க" என்று சிரித்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி, "மாடி ஏற முடியலன்னா சொல்லிடுங்கம்மா, வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். முட்டி தேய்ந்த ஒருத்தியை மாடிப்படியில் ஏறவைத்து, தானாகவே ஓடிப்போகட்டும் என்கிற கணக்கு அது. பாவி! அக்கா தலையாட்டிவிட்டு லினன் ரூம் சாவியை வாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேலும் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் லினன் ரூமுக்கே போய்ச் சண்டை போட்டேன். துவைத்த துணிக் குவியல் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? நான்தான் சீனியர்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நானே என்னப் பத்திச் சொல்லிக்கணுமா? அசிங்கமா இல்ல?"

"அசிங்கமாம்! மேடம் மேடம்னு அவளுங்களத் தூக்கி வச்சீங்க. இப்ப உங்களத் தூக்கி மேல போட்டுட்டான்."

அக்கா தைலக் கையைப் புடவையில் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "கவுண்டர்ல நிக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லன்னு நெனச்சியா? காலையில பஸ்ஸு ஏறும்போதே அழுகையா வருதுடி. அதுக்காக, நான் பெரியவன்னு காட்ட, அந்தப் புள்ளைய எல்லார் எதிருலயும் முட்டாளாக்கணுமா?" என்றவர், உடனே, "போ போ, கீழ அது தனியா நிக்கும்" என்று என்னைத் துரத்தினார். எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. படியிறங்கும்போது மேனேஜரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினேன்.

கீழே நிஜமாகவே அவள் தனியாகத்தான் நின்றாள். என்னையும் அந்த ஆள் ஆன்லைன் புக்கிங் பார்க்க உள் அறையில் உட்கார வைத்திருந்தார். போன் புக்கிங் முழுக்கப் புதுப் பெண் தலையில். கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று தொங்கும். பேச்சு வெளியே வராது. அக்காவிடம் படித்தது சில நாள்தான், பௌர்ணமிப் பாடம் இன்னும் வரவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு நடந்தது நீங்கள் நினைப்பதுதான். அந்த மாதமும் காலண்டரில் புதன்கிழமைதான் பௌர்ணமி; செவ்வாய் மத்தியானமே ஜனம் வர ஆரம்பித்தது. ஊருக்கு வெளியிலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவதால் அங்கிருந்து வெயிலில் நடந்து வந்தவர்கள். ஆந்திராவிலிருந்து ஒரு கும்பல், வேலூரிலிருந்து இரண்டு குடும்பம், கைத்தடி ஊன்றிய கிழவர்கள். புதுப் பெண் எல்லோருக்கும் புதன்கிழமை என்று பதிந்திருந்தாள். செவ்வாய்க்கு இருந்த ரூம் எல்லாம் ஆன்லைனிலேயே நிரம்பிவிட்டது. சத்தம் கேட்டு நான் வெளியே ஓடி வந்தபோது, மேனேஜர் அத்தனை பேர் முன்னால் அவளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"காலண்டர் பாக்கத் தெரியாதா உனக்கு? நாளையிலேருந்து வராத!"

அவள் அந்தத் தொளதொளக் கோட்டின் கையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலண்டரைப் பார்த்ததால்தானே ஐயா இந்த வினை என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் மாடிப்படியில் அக்கா வந்துவிட்டார். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் பெட்ஷீட் கட்டோடு. யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கவுண்டருக்குள் வந்து, அந்தப் பெண்ணுக்கு அரையடி பின்னால், இடது பக்கம் நின்றார்.

"மேடம், மேல கல்யாண ஹால் சும்மாத்தான மேடம் கெடக்குது? பாய் போட்டுடலாமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள்.

"வயசானவங்களுக்கு மட்டும் டிரைவருங்க ரூம்ல கட்டில் குடுத்துடலாமா மேடம்?"

"குடுத்துடலாம்" என்றாள். குரல் கொஞ்சம் வெளியே வந்தது.

அக்கா ஜனத்தைப் பார்த்து, "மேடம் சொல்லிட்டாங்க. வாங்க வாங்க, மொதல்ல எல்லாரும் தண்ணி குடிங்க" என்றார். அதையே ஆந்திராக்காரர்களுக்குத் தெலுங்கிலும் சொன்னார். இரைச்சல் அடங்கியது. கல்யாண ஹால் யோசனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் எனக்குத்தான் ஆத்திரம் வந்தால் மூளை வேலை செய்யாதே.

மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டார். புதுப் பெண்ணைப் பார்த்து, "குட். இப்படித்தான் டக்குனு முடிவெடுக்கணும்" என்றார். அப்புறம் அக்காவிடம், "அம்மா, இந்தத் துணி மூட்டையோட யார் உங்கள முன்னாடி வரச் சொன்னது? பாக்க நல்லாவா இருக்கு? மேல போங்க" என்றார்.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சார், உங்களுக்குக் கண்ணு இருக்குதா இல்லையா?" என்று ஆரம்பித்தேன். அக்கா யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார், யார் யாரெல்லாம் இங்கிருந்து பெரிய ஓட்டலுக்குப் போனார்கள், எல்லாவற்றையும் கொட்டினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. அந்த ஆள் அசையவே இல்லை. "மெதுவா பேசுங்க, கஸ்டமர்ஸ் இருக்காங்க" என்றார். அக்காவோ என்னைப் பார்த்து வாயை மூடு என்று ஜாடை காட்டிவிட்டு, பெட்ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு படி பக்கம் திரும்பினார்.

அப்போது கைத்தடிக்காரர் ஒருவர் கவுண்டரில் வந்து நின்றார். "நாங்க விடியக்காலையிலதாம்மா நடக்கறோம். என் சம்சாரத்துக்குக் கால் வீக்கம். எங்களுக்கு எங்க இடம்?" என்று புதுப் பெண்ணைக் கேட்டார்.

அவள் மேனேஜரைப் பார்த்தாள். பிறகு சட்டென்று எட்டி அக்காவின் முழங்கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்து நிறுத்தினாள். தான் அரையடி பின்னால், இடது பக்கம் போய் நின்றாள்.

"நம்ம மேடம் பாத்துச் சொல்வாங்க, ரெண்டு நிமிஷம் இருங்க ஐயா" என்றாள். மேனேஜருக்கும் வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நல்ல சத்தமாக.

மேடம் யார் என்று அக்கா திரும்பிப் பார்த்தார்.

"முன்னாடி பாருங்க மேடம்" என்றாள் அவள்.

"சொல்லுங்க மேடம்" என்றார் கைத்தடிக்காரர். பின்னால் நின்ற ஆந்திரா அம்மாளும் "மேடம்" என்று ஆதார் கார்டை அக்காவிடம் நீட்டினாள். கார்டை வாங்க, கீபோர்டைத் தட்ட, அக்காவுக்குக் கை வேண்டும். மேனேஜர்தான் பக்கத்தில் சும்மா நின்றிருந்தார்.

"இதக் கொஞ்சம் புடிங்க சார்" என்று பெட்ஷீட் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, "ஐயா, கீழயே இருக்கற மாதிரி பாக்கறேன், உக்காருங்க" என்று வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த ஆள் அதை வாங்கிக்கொண்டார். வரிசை நீண்டுகொண்டே போனது, வந்தவர்கள் எல்லாம் மேடம் மேடம் என்று அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல், அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கோட்டும் டையுமாக அவர் அங்கேயே நின்றார்.