அப்பளம் உடையாமல்

பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினியர் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்த வெரோனிகாவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த வருஷம் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ரெட்ரீவர் குட்டி ப்ரூனோ, எதைக் கவ்வினாலும் நார்நாராகக் கிழித்தது. சுட்ட பறவையைச் சேதமில்லாமல் கொண்டுவர வேண்டிய சாதி நாய்! ஆணி அடித்த கட்டையைக் கவ்வக் கொடுத்தால் தானாகப் பல்லை அழுத்தாமல் பழகிவிடும் என்றார் துரை.

“முதல்ல அவரு வாயில வெச்சுப் பாக்கட்டும்” என்று அடுப்பங்கரையில் பொரிந்து தள்ளிவிட்டு, வெரோனிகா ஒரு பொரித்த அப்பளத்தை எடுத்து ப்ரூனோவின் வாயில் வைத்தாள். அதை உடைக்காமல் அவள் கையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு துண்டு ஈரல். உடைத்தால் வசவுதான், தெருமுனை வரை கேட்கும். நாற்பது அப்பளம் நொறுங்கியது. நாற்பத்தோராவது எச்சில் சொட்டச் சொட்ட முழுசாக வந்தது.

ஒரு சனிக்கிழமை துரை நண்பர்களோடு கிள்ளான் பக்கத்து வயலுக்கு உள்ளான் குருவி சுடப் போனார். சாப்பாட்டுக் கூடையோடு வெரோனிகாவும் போனாள். பன்னிரண்டு முறை சுட்டும் ஓர் இறகுகூட விழவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ப்ரூனோ பக்கத்து மலாய்க் கம்பத்துக் குடிசைகளுக்குள் ஓடி, உயிரோடு ஒரு கோழியைக் கவ்வி வந்து துரையின் கையில் கொடுத்தது. கோழிக்கு ஒரு கீறல் இல்லை. நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரை முகம் சிவந்து வெரோனிகாவை முறைத்தார்.

“நான் பிடிக்கத்தான் சொல்லிக் குடுத்தேன் துரை” என்றாள் அவள். “சுடறது உங்க வேலை.”