நான்கு மணிக்கு உறைந்த பெட்டி

அந்த நாட்களில் புதுச்சேரியில் என்னைவிடப் பெரிய கில்லாடி கிடையாது என்று ஒருவர் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். அது நான்தான். வேறு யாரும் நம்பியதாகத் தகவல் இல்லை.

எங்கள் கம்பெனி ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. பிரௌசிங் சென்டர்களில் ஒரு இணைய இணைப்பைப் பத்துப் பதினைந்து கணினிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். அந்தப் பெட்டியின் இயங்குதளத்தில், வந்து விழும் தகவல் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, வரிசையில் நிறுத்தி உரியவருக்கு அனுப்பும் பகுதி என் கைவேலை. ஐந்து வருடம் ஒரு புகார் இல்லை. பிறகு இரண்டு பிராசசர் வைத்த புதுப் பெட்டி வந்தது. வந்த வாரமே தலைவலியும் வந்தது. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குப் பெட்டி அப்படியே உறைந்து போனது.

ஏன் நான்கு மணி? நம் ஊர்தான் ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிற ஊராயிற்றே. நான்கு மணிக்கு ஷட்டர் தூக்கியதும் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் பெட்டியின் மேல் பாய்ந்தன.

எங்கள் முதலாளி பிரான்சில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு ஒரே ஒரு சட்டம். கோளாறு வந்தால், அந்தப் புரோகிராம் ஃபைலைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் சுவரிலிருக்கும் வெள்ளைப் பலகையில் ஏறும். கோளாறு தீரும்வரை இறங்காது.

"அலோர், யாரு கடைசியா தொட்டது?" என்று பிரெஞ்சு கலந்து கேட்டார்.

தொட்டது அரியாங்குப்பத்திலிருந்து வரும் பெண். சேர்ந்து ஐந்து மாதம். அந்த ஃபைலில் அவள் செய்ததெல்லாம் ஒரு அறிவிப்பின் வாசகத்தைத் திருத்தியதுதான். ஆறாவது மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். அம்மாவை வாரா வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதற்காகவே, சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கே வந்தவள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் பெயர் பலகையில் ஏறியபோது நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

"புதுசா கை வச்சா இப்படித்தாம்மா ஆவும். கவலப்படாத, நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டேன். உள்ளே என்ன நடக்கிறதென்று அறிய, ஒவ்வொரு படியிலும் 'இங்கே வந்துவிட்டேன்' என்று திரையில் அச்சிடும் வரிகளைச் சொருகினேன். கோளாறு மாயமாய் மறைந்தது! காரணம் தெரியவில்லை. அதனாலென்ன, தீர்ந்துவிட்டதே. ஆபீஸ் முழுக்க ஜிலேபி கொடுத்தேன். பிறகு, கில்லாடிக்கு அழகு சுத்தமாக வேலை செய்வது என்பதால், அச்சிடும் வரிகளையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு எல்லா பிரௌசிங் சென்டர்களுக்கும் அனுப்பினேன். மறுநாள் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு ஊரிலுள்ள அத்தனை பிரௌசிங் சென்டர்காரர்களும் போன் செய்து என்னை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள்.

"சார், நீங்க போட்ட வரி பெட்டிய மெதுவாக்கிடுச்சி. அதனால ரெண்டு பிராசசரும் ஒரே நேரத்துல வரிசையில கை வைக்கல. எடுத்ததும் பழையபடி மோதிக்கிச்சி." திரையைக் காட்டினாள். "இந்த எடத்துல பூட்டு இல்ல சார்."

பூட்டு இல்லைதான். வீட்டில் ஒருவன் மட்டும் இருந்தால் குளியலறைக்கு ஏன் தாழ்ப்பாள்? ஒரே பிராசசர் இருந்த காலத்தில் எழுதியது அது. இப்போது இன்னொருவன் குடிவந்துவிட்டான். அந்த வரிக்கு மேலே, ஐந்து வருடத்துக்கு முன்னால், 'இங்கே பூட்டு தேவையில்லை' என்று ஒரு குறிப்பு. பக்கத்தில் எழுதியவரின் முதலெழுத்து. என்னுடையது.

எனக்கு முகம் செத்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லிவிட வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவெடுத்தேன். அடுத்த அறையில்தான் முதலாளி இருந்தார். ஆனால் திங்கட்கிழமை எல்லாரும் கூடும் மீட்டிங் இருந்தது. அங்கே எழுந்து நின்று, தவறு என்னுடையது என்று கம்பீரமாகச் சொல்லி, என் கையாலேயே பலகையிலிருந்து அவள் பெயரை அழித்தால் எப்படி இருக்கும்! குளிக்கும்போது இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். சீ, தவறை ஒப்புக்கொள்வதற்கும் எனக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை சொன்னேன். பெயரை அழித்து என் பெயரை எழுதினேன். யாரும் கைதட்டவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"இத வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்றதுக்கு என்னய்யா? அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஆறு மாசம் தற்காலிகம்னு வெள்ளிக்கெழம சாயங்காலந்தான் கடுதாசி குடுத்தேன். திருப்பி வாங்கிக்கிறேன்மா. நீ நிரந்தரம்."

"வேணாம் சார்," என்றாள் அவள். "சென்னையில அந்த வேல இன்னும் காலியாத்தான் இருந்துச்சி. சனிக்கெழமையே போன் பண்ணி, வரேன்னு சொல்லிட்டேன். அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அவள் அம்மா இனி அந்த ஊரில் புது டாக்டரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு உடனே தோன்றியது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அவள் கடைசி நாளன்று என் திருத்தத்தைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு வந்தது. வரிசை காலியா என்று பார்த்து, காலியில்லை என்றால் பூட்டைப் போட்டு, பாக்கெட்டை எடுக்கும்படி எழுதியிருந்தேன். மூன்று முறை படித்துப் பார்த்த பிறகே அனுப்பியிருந்தேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

"பூட்டு போட்டிருக்கீங்க சார். ஆனா லேட்டா போட்டிருக்கீங்க. பாத்துட்டு அப்புறம் பூட்டுறீங்க. நடுவுல இன்னொருத்தர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்களே."

பூட்டுப் போடும் அந்த ஒரு வரியை இரண்டு வரி மேலே நகர்த்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள்.