கிழியாத பதாகை

எழுபதுகளில் மெல்பேர்னுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், என்னுடன் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் வியாழக்கிழமை மாலை என்னை ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். சனிக்கிழமை அவருடைய ஃபுட்டி (ஆஸ்திரேலியக் காற்பந்து) அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம். பத்துப் பதினைந்து பேர் தரையில் முழங்காலில் நின்று, நிமிர்த்தினால் கூரை உயரம் வரும் ஒரு கடதாசிப் பதாகை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டாலே கிழியும்படி அவர்கள் ஒட்டிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கடற்காற்றில் பட்டம் கட்டி ஏற்றி வளர்ந்தவன் நான். எனக்குத் தந்த நடுப்பகுதிக்குக் குறுக்கும் நெடுக்குமாக நூல் கொடுத்து, இரட்டைக் கடதாசி வைத்து ஒட்டினேன்.

சனிக்கிழமை இரண்டு கம்பங்களுக்கு நடுவே அது எழுந்து நின்றபோது பெருமை தாங்கவில்லை. அடுத்த கணம் அணித்தலைவர் அதை நோக்கி ஓடி வந்தார். அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் வருவதுதான் வழக்கமாம். ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். பதாகை கிழியவில்லை. அவர் மோதி, நூலில் கை சிக்கி, மல்லாந்து விழுந்தார். மைதானமே சிரித்தது.

"இதைக் கிழிக்கிறதுக்கோ மூண்டு மணித்தியாலம் முழங்காலில நிண்டனீங்கள்?" என்றாள், ஆட்டம் பார்க்க என்னோடு வந்திருந்த மனைவி.

என்னைக் கூட்டிப்போன நண்பர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ சுருட்டி எடுத்துவந்த பதாகையின் நூலை விரலால் இழுத்துப் பார்த்து, "கிழியாமல் ஒட்டி உங்கள் ஊரில் என்னதான் செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"வானத்தில் ஏற்றுவோம்" என்றேன்.

ஆட்டம் தொடங்கிய பிறகும் அவர், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தார்.