பீர் சார் எடுத்து வைத்த இரண்டு குப்பிகள்

பீர் சார் இறந்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே. இன்று மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

மேலப்பாளையம் பீர் முகம்மது சார். பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த பள்ளியில் அவர் இயற்பியல், நான் வேதியியல். ரிட்டயர் ஆகும்வரை ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அவர் மகள் ஜமீலா பிளஸ் டூவில் என் மாணவி. கல்லூரியில் கெமிஸ்ட்ரிதான் எடுப்பேன் என்று அவள் வீட்டில் சொன்ன மறுநாள், நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

“எம்புள்ளய உம்ம பக்கம் இழுத்துட்டீரேவே... நல்லாருப்பீரா?”

திட்டிவிட்டு அவரே டீ வாங்கித் தந்தார். வடையும்.

அந்த ஜமீலா இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். மின்சாரம் கடத்துகிற கரிமப் படிகங்களைப் பற்றி. செல்போன் திரையில் வெளிச்சம் தருகிற பொருள்களுக்கு உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன தடவை ஊருக்கு வந்தபோது வாப்பாவுக்குக் காட்ட இரண்டு சின்னக் குப்பிகள் கொண்டுவந்தாள். இரண்டிலும் ஒரே மூலக்கூறு. படிகமாக்கிய விதம் மட்டும் வேறு.

பீர் சாருக்குத் தலைகால் புரியவில்லை. கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் ஒன்றை வாங்கி, குப்பிகளின் மேல் அடித்து, வீடியோ எடுத்து எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குரூப்பில் போட்டார். ஒன்று பச்சையாக மினுங்கியது. மற்றது இருட்டாகவே இருந்தது.

வேதியியல் வாத்தியாருக்கென்று ஒரு புத்தி உண்டு. ஒரே பொருள் என்று சொல்லி இரண்டு குப்பியை நீட்டினால், இரண்டும் வேறுவேறாக நடந்துகொண்டால், ஒன்றில் அழுக்கு. டெஸ்ட் டியூபை ஒழுங்காகக் கழுவவில்லை. எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்!

குரூப்பில் எழுதினேன்... “டார்ச்சு சரியாத்தான் சொல்லுது சார். ஒண்ணு கள்ளச் சரக்கு.”

சிரிப்பு பொம்மைகள் வரிசையாக விழுந்தன. எனக்கு ஒரே குஷி.

அவர் கோபப்படவில்லை. ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

“ஆளு மாறலவே. உக்காந்திருக்க முறைதான் மாறியிருக்கு. ஒரே சொந்தக்காரந்தான், கல்யாண வீட்டுல ஒரு மாதிரி இருக்கான், மய்யித்து வீட்டுல வேற மாதிரி இருக்கான். அவனக் கலப்படம்னா சொல்லுவீரு? கரைச்சுட்டா அடுக்கு கலைஞ்சிரும்லா... அப்பம் ரெண்டும் ஒண்ணுபோல மினுங்கும். நேர்ல வாரும், காட்டுதேன்.”

அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். இன்று பஸ்ஸில் வரும்போதுதான் முழுதாகக் கேட்டேன்.

மிச்சத்தில் அவர் விளக்கியிருந்தது இதுதான். ஒளி பட்டதும் மூலக்கூறு கிளர்ந்து போகும். வாங்கிய சக்தியை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். பந்திக்குக் கட்டிய இலைக்கட்டு மாதிரி நேருக்கு நேர் அடுக்கியிருந்தால், சக்தி பக்கத்தில் இருப்பதற்குக் கைமாறிக் கைமாறி, கடைசியில் வெறும் சூடாகக் கழிந்துவிடும். கூரை ஓடு மாதிரி சரித்து அடுக்கியிருந்தால் வெளிச்சமாக வெளியே வரும்.

இவ்வளவுதான். எனக்குப் புரியாத விஷயமா?

அப்புறமும் இரண்டு தடவை போன் செய்தார். “எப்பம்வே வாரீரு?” முட்டி வலி என்றேன். மழை என்றேன். பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையத்துக்கு ஒரே பஸ்...

இன்று போனேன்.

காலை ரயிலில் வந்திருந்த ஜமீலா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. முன்னறை மேஜையில் ஒரு தட்டைக் காட்டினாள். இரண்டு குப்பிகள். கழுவிக் கவிழ்த்த இரண்டு டெஸ்ட் டியூப்கள். கரைப்பான் பாட்டில். அந்த டார்ச்.

“உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க சார். உம்மாவத் தூசி தட்டக்கூட விடலயாம். ‘அவரு வருவாரு, அவரு கையாலயே கரைக்கட்டும்’னு...”

நான் ஒரு குப்பியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

“நீங்க சந்தேகம் கேட்டத போன்ல சொன்னாங்க சார். ‘அழுக்கான்னு கேக்காதவன் கெமிஸ்ட்ரி வாத்தியானா? ஒன் சாரு சரியாத்தாம்ளா கேட்டிருக்காரு’ன்னு ஒரே சிரிப்பு. நானும் லேப்ல இருந்த மிச்சத்த மறுபடியும் டெஸ்ட் பண்ணிட்டேன் சார். சுத்தமாத்தான் இருக்கு.”

நான் கேள்வி கேட்டதாகத்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் முகத்துக்கு நேரே நானும் தலையை ஆட்டினேன். அத்தனை சாவுக் கூட்டத்திலும், நல்ல கேள்வி கேட்ட வாத்தியாராக நின்றுகொண்டிருந்தேன்.

ஜமீலா, நீ இதைப் படிப்பாய். அது கேள்வி இல்லையம்மா. கேலி. உன் உழைப்பைக் கள்ளச் சரக்கு என்று நாலு பேர் சிரிக்கச் சொன்னேன். குரூப்பில் சிரித்தவர்களும் இந்தப் பதிவைப் படிப்பார்கள், அதனால்தான் இங்கேயே எழுதுகிறேன்.

தட்டில் இருந்ததையெல்லாம் பையில் போட்டு, “கொண்டு போங்க சார்” என்று கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துத் தனித்தனியாகக் கரைத்தேன். டார்ச்சை அடித்தேன்.

அடுக்கு கலைந்ததில் பச்சையும் இல்லை, இருட்டும் இல்லை. இரண்டும் நீலம். ஒரே நீலம்.

எதில் எதைக் கரைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை...

பார்த்துட்டேன், பீர் சார். ரெண்டும் ஒண்ணுதான்.

போயிட்டு வாரும்வே.